மூணுகுரல்

மொட்டை மாடி மோட்டார் அறையில், லிஃப்ட்டின் கயிறுகள் இறங்கும் ஓட்டையின் மேல் குனிந்து, கழுத்து நரம்பு புடைக்க அவர் கத்துகிறார்: "உள்ள யாரு?" குரல் எட்டு மாடி ஆழத்துக்கு இறங்கிப் போகிறது. ஐந்து விநாடி காத்திருக்கிறார். மறுபடியும், "உள்ள யாரு?" மறுபடியும் ஐந்து விநாடி. மூன்றாவது முறையும் கத்திவிட்டுக் காதைச் சாய்க்கிறார். லிஃப்ட்டுக்கு அடியிலுள்ள குழியில் வேலை செய்துகொண்டிருந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். 'ம்' என்றோ 'ஆச்சு' என்றோ மொட்டையாகச் சொன்னால் செல்லாது. "நான் சோடாபுட்டி! குழிய விட்டு ஏறிட்டேன்! கதவ மூடிட்டேன்!" என்று தரைத்தளத்திலிருந்து முழுசாக வந்து சேர்ந்தால்தான், மெயின் சுவிட்சில் தான் மாட்டிய பூட்டைத் திறப்பார்.

எங்கள் பத்திரிகை அலுவலகம் ஆறாவது மாடியில் இருக்கிறது. மாதம் இருமுறை, காலை ஒன்பதரை மணிக்கு, கையில் பையும் சாப்பாட்டுப் பாத்திரமுமாகத் தரைத்தளத்தில் நின்று இந்த மூன்று குரலையும் கேட்பது எங்களுக்குப் பழகிவிட்டது. "ஒரு தடவ கூப்பிட்டா சோடாபுட்டிக்குக் காது கேக்காதாமா?" என்று யாராவது முனகுவார்கள். சோடாபுட்டி என்பவர் தடித்த கண்ணாடி போட்ட அவருடைய சக தொழிலாளி. காது நன்றாகவே கேட்கும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு 'மூணுகுரல்' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

வயது ஐம்பத்தாறு. குள்ளம், தோள் மட்டும் ஒன்றரை ஆளுக்குரியது. நகக்கண்ணில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பின்பாக்கெட்டில் ஒரு துணி, முன்பாக்கெட்டில் ஒரு துணி. பின்னால் இருப்பது இயந்திரத்துக்கு. முன்னால் இருப்பது, வேலை முடிந்ததும் லிஃப்ட்டுக்குள் இருக்கும் கண்ணாடியையும் பொத்தான்களையும் துடைப்பதற்கு. ஆறாம் எண் பொத்தானில் எழுத்து தேய்ந்து போயிருப்பதைப் பற்றி எங்களிடம் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. "ஒரு தடவ அழுத்தினாப் போதும் சார். ஏழு தடவ அழுத்தினா சீக்கிரம் வருமா? அது என்ன மாடா, முதுகுல தட்டுனா ஓடுறதுக்கு?"

"நீங்க மட்டும் மூணு தடவ கூப்பிடுறீங்களே?"

"அது மனுஷனுக்கு சார். மிஷினுக்கு ஒரு தடவ போதும். மனுஷன மூணு தடவ கூப்பிடணும்."

வேலை செய்யும்போது பாடுவார். எல்லாம் கிறிஸ்தவக் கோயில் பாட்டுகள். சுருதி என்ற ஒன்று இருப்பதையே அறியாத தொண்டை. மோட்டார் அறை எங்கள் தலைக்கு நேர் மேலே இல்லாவிட்டாலும், காற்றுவாக்கில் அது வந்து சேரும்போது எங்கள் தட்டச்சு அம்மாள் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் முதலில் எரிச்சல்தான். காரணம் பாட்டு அல்ல. "எப்படி இருக்கீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டால், "ரொம்ப சந்தோஷமா இருக்கேன் சார்" என்பார். பல்லைக் காட்டிச் சொல்லமாட்டார். மின்சார மீட்டரைப் படித்துச் சொல்பவர் போலச் சாதாரணமாகச் சொல்வார். மழையில் நனைந்து வந்த நாளிலும் அதே பதில். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலும் அதே பதில். நான்கு வருடமாக நான் இதை நம்பவில்லை. எந்நேரமும் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்லும் மனிதர்கள் கடைசியில் எதையாவது விற்கத்தான் வருகிறார்கள் என்பது என் அனுபவம். இவர் எதையும் விற்கவில்லை என்பது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் மதியம், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நான் தனியாள். விளக்கும் போய்விட்டது. கத்தினேன், கதவைத் தட்டினேன், எல்லாப் பொத்தானையும் ஏழு தடவை அழுத்தினேன். இருபது நிமிடத்தில் வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"உள்ள யாரு?"

பேரைச் சொன்னேன்.

"எழுத்துக்கார சாரா? பயப்படாதீங்க. ஆறு கயிறு இருக்கு. ஒரு கயிறே உங்களையும் இன்னும் ஏழு பேரையும் தாங்கும். மேல போயி பிரேக்க கையால தளர்த்தி இறக்கணும். அதுக்கு ரெண்டு ஆளு வேணும்; சோடாபுட்டி வந்துக்கிட்டு இருக்கான். அரை மணி ஆகும்."

"நீங்களே போய்ச் செய்யக் கூடாதா?"

"செய்யலாம். ஆனா தனியா செய்யமாட்டேன் சார்." கதவுக்கு வெளியே அவர் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. "ஏதாவது பேசிக்கிட்டு இருப்போம். இருட்டு தெரியாது."

பயத்தில் மனிதனுக்கு மரியாதை கழன்றுவிடும். நான்கு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "எப்பப் பார்த்தாலும் சந்தோஷமா இருக்கேன்னு சொல்றீங்களே, அது நிஜமா?"

கதவிடுக்கு வழியாக ஒரு கதை வந்தது.

இப்போதிலிருந்து எண்ணினால் பத்தொன்பது வருடம் ஆகிறது. அவருடைய மனைவியின் தம்பியும் அதே கம்பெனியில்தான் மெக்கானிக். இவர் சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை. ஒருநாள் முற்பகல், வேறொரு கட்டடத்தில், மைத்துனர் கீழே குழியில் இருந்தார். இவர் மேலே மோட்டார் அறையில். குழிக்குள் ஒரு கயிறு சக்கரத்தைச் சுற்றி ஓடும். லிஃப்ட் அசைந்தால் அதுவும் ஓடும். மைத்துனர் அந்தச் சக்கரத்தில் படிந்த அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"'ஏறிட்டியா?'ன்னு கேட்டேன் சார். ஒரே ஒரு தடவ. 'ம்'னு ஒரு சத்தம். மூணாவது மாடியில யாரோ யாருக்கோ சொன்ன 'ம்' அது. நான் அத மச்சான் சொன்னதா எடுத்துக்கிட்டு சுவிட்சப் போட்டேன்."

கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மைத்துனரின் வலது கை போய்விட்டது. மருத்துவமனையில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது.

விசாரணை நடந்தது. விபத்து என்று எழுதி மூடினார்கள். ஒரு மாதத்தில் இவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான்காம் நாள் மருத்துவமனைக் கட்டிலில் கண் திறந்த மைத்துனரே, "விடு மாமா. வேணும்னா செஞ்ச?" என்று சொல்லிவிட்டார். மாமியார் அழுதாரே தவிரத் திட்டவில்லை. "யாரும் என்னத் தண்டிக்கல சார். அதுதான் தாங்க முடியல."

ஆகவே தண்டனையைத் தானே ஏற்பாடு செய்துகொண்டார். வேலையில் மட்டும் இரண்டு கையும்; அது அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்டது. வேலையை விட்டு வெளியே வந்தால் வலது கையைப் பயன்படுத்துவதில்லை. இடது கையால் சவரம், முகமெல்லாம் வெட்டு. இடது கையால் கையெழுத்து. அது மாறிப்போய், அலுவலகத்தில் கூப்பிட்டு அனுப்பிக் கேட்டார்கள். இடது கையால் சாப்பாடு. மனைவி முதல் வாரம் கெஞ்சிப் பார்த்தார், அடுத்த வாரம் சத்தம் போட்டார், அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டு வரும், தண்ணீர் வரும், வார்த்தை வராது. அந்தம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் மிஷின் ஓடும் சத்தம் மட்டும்தான் அந்த வீட்டில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார். "ஞானஸ்நானம் வாங்கினவன், கல்யாணம் பண்ணினது கோயில்ல, அவ்வளவுதான் சார் அப்ப நமக்கும் ஆண்டவருக்கும் உள்ள சகவாசம்." கடைசி பெஞ்சில் உட்காருவார். போதகர் அப்பம் கொடுக்கும் திருவிருந்துக்கு எழுந்து போகமாட்டார். முன்னே போய் நின்றால் வலது கையை நீட்டி வாங்க வேண்டும். நீட்டுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். மூன்று வருடம் பெஞ்சிலேயே இருந்தார்.

இடையில் மைத்துனருக்குக் கல்யாணம் நடந்தது. விருந்தில் மாப்பிள்ளை மேடையை விட்டிறங்கி, பந்தி மேசைகளுக்கிடையே வந்து, இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் முன்னால் நின்றார். எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

"மாமா, நீ இடது கையால சாப்பிட்டா எனக்குக் கை மொளைக்குமா?"

இவர் தலை நிமிரவில்லை.

"நான் அன்னிக்கே விட்டுட்டேன். நீ விடமாட்டேங்கற. என் கஷ்டத்த நான் சுமக்கறேன், சரி. உன் துக்கத்தையும் நானே சுமக்கணுமா? எனக்கு இருக்கிறது ஒரு கைதானே?"

கதவுக்கு வெளியே அவர் தொண்டையைச் செருமினார். "குடைஞ்சிது சார் அந்தக் கேள்வி. ஆறு மாசம் குடைஞ்சிது."

ஆறு மாதம் கழித்து, அதே கட்டடத்துக்கு அவரை அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழிக்குள் இறங்கினார். அந்தச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று தெரியாது.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. வாயில வந்தத சொன்னேன். 'ஆண்டவரே, மன்னிப்புக் கேக்கலாம்னா அவன் எப்பவோ குடுத்துட்டான். நீரும் குடுத்துட்டீர்னு கோயில்ல சொல்றாங்க. எனக்குத்தான் வாங்கத் தெரியல. வாங்கறதுக்குக் கத்துக்குடும்'னேன். வெளிச்சம் ஒண்ணும் வரல சார். குரல் ஒண்ணும் கேக்கல. குழியில எலி ஓடுச்சு. அழுகை வந்துச்சு, அழுதேன், கண்ணத் தொடச்சேன். எந்தக் கையால தொடச்சேன்னு அப்புறந்தான் பாத்தேன். மூஞ்சி பூரா கிரீஸ்."

அன்று மதியம் வீட்டுக்கு வந்து, கை கழுவி, வலது கையால் சாப்பிட்டார். மனைவி பார்த்தார். எழுந்து உள்ளே போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"அன்னிக்கு ஆரம்பிச்சவதான் சார். இன்னும் பேசி முடிக்கல." இருட்டில் நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எழுந்து முன்னால் போனாராம். வலது கையை நீட்டினாராம். போதகர் அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அப்பத்தை வைத்தார், அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பெஞ்சுக்குத் திரும்பி நடக்கும்போது, சின்ன வயதில் காய்ச்சல் விட்ட மறுநாள் பசியெடுக்குமே, அப்படி இருந்தது என்றார்.

"குஷி வேற சார், நான் சொல்றது வேற. குஷி மேல போவும் கீழ வரும், நீங்க இப்ப நிக்கிற பெட்டி மாதிரி. பெட்டிக்கு ரெண்டு பக்கமும் தண்டவாளம் நிக்குதில்ல? அது எங்கயும் போவாது. பெட்டி நடுவுல நின்னாலும் அது நிக்கும். நான் சொல்ற சந்தோஷம் அது." பிறகு, "இத எங்க பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க. பிரசங்கத்துல போட்டுடுவாரு" என்றார்.

சோடாபுட்டி வந்து சேர்ந்தார். மூன்று குரல் கேட்டது. பெட்டி அங்குலம் அங்குலமாக இறங்கியது. கதவு திறந்தபோது அவர் முதலில் செய்தது, முன்பாக்கெட்டுத் துணியை எடுத்து என் கையில் கொடுத்தது. நான் வியர்த்துக் கொட்டியிருந்தேன்.

சென்ற வருடம் அவர் மனைவிக்கு வாதம் அடித்தது. தையல் மிஷின் முன் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு போய்விட்டது.

ஒன்பதாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். நல்ல எண்ணத்தோடு மட்டும் போனேன் என்று சொல்லமாட்டேன். அந்தத் தண்டவாளம் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. வார்டுக்கு வெளியே, மருந்துச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். ஒன்பது நாள் தாடி. கண் வீங்கியிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அழுதுக்கிட்டு இருக்கேன் சார்."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து மொட்ட மாடிக்குப் போயி சண்ட போட்டேன். 'மூணு வருஷம் நான் அவளப் பேசவிடாமப் பண்ணேன். இப்ப நீரும் பண்றீரே, நியாயமா?'ன்னு கேட்டேன். மூணு தடவ கேட்டேன்."

"பதில் வந்துதா?"

"வரல."

"அப்புறம்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போல. "பதில் வரலன்னா நாங்க சுவிட்சப் போடமாட்டோம் சார். காத்திருப்போம். அதுதான் எங்க வேலையே."

"இப்பவும் சந்தோஷமா இருக்கேன்னு சொல்லுவீங்களா?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

மருந்துச் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கினார். "அழாம இருக்கிறதுக்குப் பேருதான் சந்தோஷம்னு யாரு சொன்னது? அந்தக் குழியில அழுதேன் பாருங்க, அப்பத்தான் அது ஆரம்பிச்சுது. இப்பவும் அழறேன். ஆனா அன்னிக்கு மாதிரி தனியா இல்ல சார். அந்தக் குழியில உக்காந்தப்ப எங்கூட யாரோ உக்காந்தாங்க. இன்னும் எழுந்து போவல. எனக்குத் தெரியுது." பிறகு மருந்துக் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

அந்தம்மா வீடு திரும்பினார். ஊன்றுகோலோடு நாலு அடி நடக்கிறார். வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: "சரி." பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. "முப்பது விதமா சொல்றா சார். இருபத்திரண்டு எனக்குப் புரிஞ்சிடுச்சு. மீதி எட்டும் என்னத் திட்டறதுன்னு நினைக்கிறேன்."

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. தையல் மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. காலை ஏழு மணிக்கு அவர் மனைவிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். பின்னல் கோணலாக வந்தது. பிரித்து மறுபடி போட்டார். அந்தம்மா கைக்கண்ணாடியில் பார்த்து, "சரி" என்றார். அது திட்டு வகை. மூன்றாவது முறையும் பிரித்தார்.

ஏழரைக்கு மைத்துனர் வந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு பெரிய கடையில் தொலைபேசியில் பேசும் வேலை. பிற்பகலில்தான் போக வேண்டும். மாமா வேலைக்குப் போய் மதியம் திரும்பும்வரை அக்காவைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. வந்ததும் கழுத்தை நீட்டிக்கொண்டு மாமா முன்னால் நின்றார். மாமா, அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். தினமும் நடப்பது போலிருந்தது.

"மூணு பேருக்கு ஒரு வலது கை சார் இந்த வீட்ல" என்றார் மைத்துனர். "அதையும் மூணு வருஷம் சும்மா வெச்சிருந்தாரு மகானுபாவரு."

மைத்துனர் சாது அல்ல. மழை நாட்களில் வெட்டிய இடம் குடையும்போது, மாமாவை நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவாராம். "மன்னிச்சது மன்னிச்சதுதான். ஆனா வலிக்குதில்ல?" என்றார். மாமா தலையாட்டினார். "திட்டட்டும் சார். திட்டிட்டு டீ கேப்பான்." நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் மைத்துனர் விரலை ஆட்டினார். "இவரு சந்தோஷமா இருக்காருன்னு எழுதுங்க, அது உண்மைதான். ஆனா பாட வராதுன்னும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

மறு ஞாயிறு நானும் அவர்கள் கோயிலுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலையில்லை, பார்க்கத் தோன்றியது. சிறிய கூடம், மின்விசிறிச் சத்தம், ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்த மர பெஞ்சுகள். மூவரும் நடுவரிசையில் இருந்தார்கள். நான் அதற்குப் பின்வரிசையில். அவருக்கு இடப்பக்கம் மனைவி. அந்தம்மாவின் விழுந்துபோன வலது கையைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்தி மடியில் வைத்திருந்தார். வலப்பக்கம் மைத்துனர், சட்டையின் ஒரு கை மடித்து ஊசி குத்தியிருந்தது. போதகர் ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். கொஞ்சம் வேகமான பாட்டு. சபை எழுந்தது, நடக்க முடியாதவர்களும் துணையிருப்பவர்களும் உட்கார்ந்தே பாடினார்கள். அவர் குரல் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் வெளியே தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் அடியில் எல்லாரும் கை தட்ட ஆரம்பித்தார்கள். அவர் மனைவியின் கையை விடவில்லை. முன்னால் பார்த்தபடியே, வலது உள்ளங்கையை மட்டும் பக்கவாட்டில் விரித்து நீட்டினார். மைத்துனரும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் இடது கையைத் தூக்கி, அதன்மேல் தாளம் தவறாமல் தட்டத் தொடங்கினார்.